‘இரண்டு எம்பி’ என்றால் எவ்வளவு?

அன்புள்ள நண்பா,

பொங்கலுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்தது தவறுதான். இங்கு அனைவரும் நலம். தங்கையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. இப்போது நான் எழுத வந்த செய்தியை உன் ஒருவனிடம்தான் முழுமையாகச் சொல்ல முடியும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் பழைய கணக்குகளை வேறு ஊரிலுள்ள அவர்களது அலுவலகத்துக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. கணக்குகள் டிஎல்டி 8000 என்ற காந்த நாடா டேப் ஒன்றில் 40 ஜிகாபைட் நிறைய இருந்தன; அதை வெளியே எடுத்துச் செல்ல அவர்களின் விதி இடம் தரவில்லை. இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே பழைய லீஸ்டு லைன், அதாவது வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு, ஒன்று இருந்தது. என்னுடன் வேலை பார்க்கும் தம்பி லைனின் வேகத்தை விசாரித்தான். உங்கள் தொலைபேசித் துறையில் காலங்காலமாகச் சொல்லிவரும் பதிலே வந்தது: ‘டூ எம்பி.’ அவன் அதை நொடிக்கு 2 மெகாபைட் என்று எடுத்துக்கொண்டு, 20,000 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம் என்று தாளில் எழுதினான். நான் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கினோம். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது 7 ஜிகாபைட்கூடப் போய்ச் சேரவில்லை. அதைவிட என்னை உறுத்தியது டிரைவின் சத்தம். டேப் சிறிது ஓடும், நிற்கும், பின்னால் போகும், மறுபடி ஓடும். நொடிக்கு 6 மெகாபைட் படிக்கும் டிரைவ் அது. லைனின் ‘டூ எம்பி’யோ 2 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், அது நொடிக்குக் கால் மெகாபைட்டைத்தான் வாங்கிக்கொள்கிறது. படித்ததைச் சற்று நேரம் தாங்கி வைக்கும் இடையிலுள்ள பஃபர் நிரம்பியதும் டிரைவ் நின்றாக வேண்டும். நின்ற இடத்திலிருந்தே உடனே வேகமெடுக்க முடியாததால் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். ஷூ ஷைனிங் என்று எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். மாற்றுப் பிரதி இல்லாத டேப், இரவு முழுவதும் ஒரே தலையில் இப்படி முன்னும் பின்னும் தேய்ந்துகொண்டிருந்தது.

உடனே நிறுத்தி, முழு டேப்பையும் முதலில் டிஸ்குக்கு இறக்கினேன். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. டிஸ்கிலிருந்து லைன் வழியாக அனுப்பியதில், லைனின் 2.048 மெகாபிட்டைப் பங்கிட்ட 32 ஸ்லாட்டில் ஒன்று, வரிசை தவறாமல் காக்கும் ஃபிரேம் அடையாளத்துக்கே போய்விடுவதால் கிடைக்கும் 1.984 மெகாபிட்டில், கணக்குப்படியே ஏறக்குறைய 45 மணி நேரம். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில்தான் முடிந்தது. திங்கட்கிழமை காலை அந்த அலுவலகத்தில் கணக்குப் பிரிவு முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தது. அவர்களில் ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை என்பது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். ‘எம்பி’ என்று தமிழில் எழுதினால் அதில் பைட்டைக் குறிக்கும் பெரிய பி, பிட்டைக் குறிக்கும் சின்ன பி என்ற வேறுபாடே இல்லை. பேச்சிலும் இல்லை. ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தின் உருவத்தில் தொங்கிக்கொண்டிருந்த எட்டு மடங்கு வித்தியாசம், நம் எழுத்துக்கு வரும்போது அடையாளமே இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே இனி நான் எழுதும் எந்தத் தாளிலும் மெகாபிட், மெகாபைட் என்று முழுதாகவே எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். நீயும் உன் பழைய ஆட்களிடம் சொல்.

கிலோ என்றால் ஆயிரமா, 1,024-ஆ என்று மாடி அறையில் நாம் விடிய விடியச் சண்டையிட்டது நினைவிருக்கிறதா? உன் கட்சி நேர்மையானது என்பதை இப்போது எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டாக்கினால் 64,000 பிட். அப்படி 32 சேர்ந்தால் 2,048,000. அமெரிக்கர்கள் 24 குரலோடு நிறுத்தி, ஃபிரேமுக்கு 8,000 பிட் சேர்த்து 1,544,000 ஆக்கினார்கள். உங்கள் உலகில் கிலோ என்றால் ஆயிரம், மாற்றமே கிடையாது. என் உலகில் அப்படியா? 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் இருப்பது 1,474,560 பைட். 1,440-ஐ 1,024-ஆல் பெருக்கியது. அந்த ‘மெகா’ ஆயிரம் ஆயிரமும் அல்ல, 1,024 தடவை 1,024-உம் அல்ல. ஒன்றில் பாதி, மற்றதில் பாதி. கிலோவில் 2.4 விழுக்காடாக இருக்கும் இந்த வேறுபாடு ஜிகாவுக்குப் போகும்போது 7 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 1,024 கணக்குக்கென்று கிபி, மெபி என்ற தனிப்பெயர்கள் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது; என் அலுவலகத்தில் அவற்றை உச்சரித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எட்டால் வகுப்பதும் எப்போதும் சரியாகாது. பழைய மோடத்தின் நொடிக்கு 9,600 பிட்டில், ஒவ்வொரு எழுத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் போக நொடிக்கு 960 எழுத்துதான் கிடைத்தது. கணினியோடு டிஸ்கை இணைக்கும் சாட்டாவின் முதல் வகையில் 1.5 ஜிகாபிட் 150 மெகாபைட்டாகச் சுருங்குவதும், எட்டு பிட்டுக்குப் பத்து பிட் அனுப்புவதால்தான். அந்தப் பழக்கத்தில் உங்கள் லைனையும் பத்தால் வகுக்கிறார்கள், அதுவும் தவறு.

இத்தனை வருத்தத்துக்கிடையே ஒன்று என்னை மகிழ்வித்தது, உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டர், ஒவ்வொன்றிலும் 2,048 பைட். அதை உன் 2,048,000 பிட் லைனில், ஃபிரேமை மறந்துவிட்டு, அனுப்பினால் எவ்வளவு நேரம் என்று போட்டுப்பார்த்தேன். இரண்டு பக்கத்து 2,048-உம் அடிபட்டுப்போய், மீதமே இல்லாமல் 2,880 நொடி, சரியாக 48 நிமிடம் வந்தது. ஒன்றையொன்று அறியாமல் பிறந்த இரண்டு எண்கள் அப்படிச் சந்தித்ததைப் பார்த்து வெகுநேரம் தாளை மூடாமல் வைத்திருந்தேன்.

இப்போது தம்பிகளுக்காக, டேப், டிஸ்க், மோடம், லைன் அனைத்தையும் நொடிக்கு இத்தனை பைட் என்ற ஒரே அளவில் எழுதிய அட்டவணை ஒன்று தயாரித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். சேமிப்புப் பகுதிக்கு நான் பொறுப்பு. தொலைபேசிப் பகுதியை நீ வரிவரியாகப் பார்க்க வேண்டும். குறிப்பாக 34 மெகாபிட் வரியில் பயனுக்குக் கிடைப்பது எவ்வளவு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை உன் கையால் நிரப்பி அனுப்பு. மாதக் கடைசிக்குள் கிடைத்தால் நல்லது, அடுத்த டேப் வந்துவிட்டது.

உன் பழைய அறைத்தோழன்