கருத்துக் கேட்க ஒரு நேரம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

போலி மதிப்புரைகள் குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். இணைய மதிப்புரைகளுக்காக இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 தரநிலையை வெளியிட்டபோது அதைக் கட்டாயமாக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, கடைகள் வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்கும் நேரம். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் தையற்கடையானாலும் அழகு நிலையமானாலும், பணம் கட்டும்போதே கியூஆர் அட்டையை நீட்டி 'அஞ்சு ஸ்டார் போடுங்கக்கா' என்கிறார்கள். தைத்தவர் எதிரில் நிற்க, யார் குறை எழுதுவார்?

அப்போது குறை தெரியவும் தெரியாது. தை முகூர்த்த நெருக்கடியில் உள்ளே வைத்துத் தைக்கும் பருத்தி லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டிவிட்டால், ரவிக்கை முதல் நாள் கச்சிதமாகவே இருக்கும். முதல் துவைப்பில் லைனிங் சுருங்கும். மேல்துணி அக்குளருகே சுருக்கம் விழும். கையைத் தூக்கினால் இழுக்கும். தலைச்சாய ஒவ்வாமையும் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே காதோரம் அரிப்பாகத் தெரியும். அதற்குள் ஐந்து நட்சத்திரம் ஏறிவிட்டிருக்கும். தெரிந்த கடை என்ற தயக்கத்தில் பலர் அதைத் திருத்தாமல் வேறு கடைக்கு மாறிவிடுகிறார்கள். காரணம் கடைக்காரருக்கே தெரிவதில்லை. எனவே சாயத்துக்கு மூன்று நாள் கழித்தும், ரவிக்கைக்கு முதல் துவைப்புக்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் கேட்கட்டும். அதுவும் 'எப்படி இருந்தது?' என்றல்ல, 'கை பிடிக்கிறதா, லைனிங் சுருங்கியதா?' என்று.

– வாசகர், கும்பகோணம்