வாசலுக்கு வரும் அட்டைகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா,
ஐப்பசி மாதம்.

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் இளைய மகள் வீடு விற்பனை முகவராகப் பதிவு பெற்றுவிட்டாள் என்ற செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியை நீ முழுமையாக அனுபவிக்கவில்லை என்பது அடுத்த பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை முன்பின் அறியாதவர்களின் கதவைத் தட்டி, தன் படம் அச்சிட்ட அட்டையைக் கொடுத்துவிட்டு வருகிறாள், இது என்ன தொழில் என்று கேட்டிருக்கிறாய். நான் முகவர் அல்லன். ஆயினும் இந்த நகரத்தில் நெடுங்காலம் சொந்த வீட்டில் இருந்து அத்தகைய அட்டைகளைப் பெற்று வருபவன் என்ற வகையில், அவள் செய்வது இன்னதென்றும், அதில் எது நல்லது எது தீயது என்றும் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

அந்த அட்டையைப் பார்த்து அன்றைக்கே வீட்டை விற்கப் புறப்படுபவர் எவரும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். இங்கே ஒரு குடும்பம் ஒரு வீட்டில் பத்து ஆண்டுகளும் இருக்கும், முப்பது ஆண்டுகளும் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறும்போதோ, வேலை மாறும்போதோ, படியேற முழங்கால் மறுக்கும்போதோ விற்கும் எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் வரும் நாளில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் யாருடையது என்பதுதான் முகவர்களுக்குள் நடக்கும் போட்டி. ஆகவே அவர்கள் ஒரு குடியிருப்புப் பகுதியைத் தெரிந்தெடுத்து, முந்நூறு நானூறு வீடுகளுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, மாதந்தோறும் ஏதாவது ஒரு வடிவில் அந்த வாசல்களுக்குத் தங்கள் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நானூறு வீடுகளுள் ஆண்டுக்கு இருபது வீடு விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள். அதில் நான்கு ஐந்து ஒருவருக்குக் கிடைத்தாலே அது நல்ல ஆண்டு. 10 இலட்சம் டொலருக்கு விற்கும் வீட்டில் விற்பவரின் முகவருக்கு இரண்டரை வீதம் என்று பேசினால் 25,000 டொலர் வருகிறது. அதில் அவர் சார்ந்த நிறுவனத்தின் பங்கும், அட்டை, சந்தா, காப்புறுதி என்று அவரே சுமக்கும் செலவுகளும் போக எஞ்சுவதே அவருடையது. அந்த வீதம் சட்டம் வகுத்ததன்று, பேசித் தீர்மானிப்பது என்பதையும் அந்தத் தரகுத் தொகையின் மேல் 13 வீத விற்பனை வரி உண்டு என்பதையும் விற்பவர்கள் பலர் ஒப்பமிடும் நாளில்தான் அறிகிறார்கள்.

இவ்வளவு பாடுபட வேண்டியிருப்பதற்குக் காரணம் நெரிசல். ரொறன்ரோ வட்டார வீடு விற்பனையாளர் சபையில் 2023இல் 70,000 பேருக்கு மேல் உறுப்பினர்களாக இருந்தார்கள். 2023ஆம் ஆண்டு முழுவதும் அந்தச் சபையின் வழியாக விற்ற வீடுகளோ ஏறக்குறைய 66,000 தான். ஒவ்வொரு விற்பனையிலும் விற்பவருக்கு ஒருவர், வாங்குபவருக்கு ஒருவர் என்று எடுத்துக்கொண்டாலும் ஆளுக்கு ஆண்டில் இரண்டு கூட வராது. அனுபவமுள்ளவர்கள் பலவற்றை அள்ளிக்கொண்டு போக, புதிதாக வருபவர்களுள் ஒன்றும் இல்லாமல் ஆண்டைக் கழிப்பவர்கள் நிறையப் பேர். உன் மகள் கதவைத் தட்டுவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், அதில் நீ வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது விளங்கும்.

முகவரி எழுதாத விளம்பரங்களைத் தபாற்காரர் நடக்கும் தெருக்களின்படி வீடுதோறும் சேர்க்க கனடா போஸ்டில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு கடிதத்துக்கு ஆகும் முத்திரைச் செலவில் சிறு பங்குதான் அதற்கு ஆகும். ஆகவே எங்கள் பெட்டியில் வந்து விழாத பொருள் இல்லை. பக்கத்துத் தெருவில் வீடு விற்றது என்ற அட்டை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்த வில்லை, யூலை முதலாம் தேதி கனடா நாளுக்குச் சிறு கொடி, ஒக்டோபர் முடிவில் ஹாலோவீனுக்குப் பிள்ளைகளுக்குப் பூசணிக்காய், தை பிறக்கும்போது பஞ்சாங்கக் குறிப்புடன் தமிழ் நாட்காட்டி. 2024 நவம்பர், டிசம்பரில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் ஒரு மாதம் நீடித்தபோது, வாசலுக்குப் போக விரும்பியவர்கள் குளிரில் தாங்களே நடக்க வேண்டியிருந்தது. பேருந்துத் தரிப்பிட இருக்கைகளிலும் அவர்கள் படங்கள் இருக்கின்றன. நம்மவர்களிடம் தெரு எல்லையோடு ஊர் எல்லையும் சேர்ந்துகொள்கிறது: பழைய மாணவர் சங்க மலரில் முழுப்பக்க விளம்பரம், ஊர்ச் சங்க ஒன்றுகூடலுக்கு நன்கொடை, தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகச் சிரித்த முகங்கள். அந்தப் பணமும் இல்லையென்றால் நம் பத்திரிகைகளுள் சில நின்றே போயிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நன்மையை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

ஆனால் அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்பு இங்கே ஒரு வீடு என்ன விலைக்கு விற்றது என்பதைச் சாதாரண மனிதர் எளிதில் அறிய முடியாது; அந்த விவரம் முகவர்களின் கையில் இருந்தது. அதனால் விலை அச்சிட்ட அட்டைக்கு உண்மையான பயன் இருந்தது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரச போட்டி ஆணையம் ரொறன்ரோ வீடு விற்பனையாளர் சபைமீது தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2018 ஓகஸ்டில் சபையின் மேன்முறையீட்டை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்த பிறகு, விற்ற விலைகள் இணையத்தில் கிடைக்கத் தொடங்கின. இப்போது நானே தேடிப் பார்த்துவிடுகிறேன். அட்டையில் வரும் செய்தியின் மதிப்பு குறைந்த அளவுக்கு அதைச் சொல்லும் விதத்தில் ஒப்பனை கூடிவிட்டது.

அவற்றுள் என்னை மிகவும் உறுத்துவது ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ‘கேட்ட விலையைவிட 1,60,000 டொலர் கூடுதலாக விற்றுக் கொடுத்தோம்’ என்று பெரிய எழுத்தில் ஓர் அட்டை வருகிறது. படிப்பவருக்கு அந்த முகவரின் திறமையால் விற்றவருக்கு அவ்வளவு தொகை கூடுதலாகக் கிடைத்தது என்றே தோன்றும். அந்தத் தெருவில் அதே அளவு வீடுகள் சுமார் 9,50,000 டொலருக்கு விற்றுக்கொண்டிருக்க, இந்த வீட்டை வேண்டுமென்றே 7,99,000 என்று பட்டியலிட்டு, பலரை வரவழைத்து, ஒரே இரவில் விலைகோரல்களைப் பெற்று 9,59,000க்கு முடித்திருக்கலாம். அப்படியானால் சந்தை விலைக்கு மேல் கிடைத்தது 9,000 டொலர். அதையும் அந்த முறைதான் பெற்றுத் தந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குறைத்துப் பட்டியலிடுவது சட்டவிரோதமன்று, சில காலங்களில் பயனுள்ள உத்தியும்கூட. 2022 பெப்ரவரியில் இவ்வட்டாரத்தின் சராசரி விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டி உச்சத்தில் நின்றபோது அது நன்றாகவே வேலை செய்தது. அதன் பின் வட்டி உயர்ந்து வாங்குபவர்கள் ஒதுங்கியபோது, அதே உத்தியை நம்பியவர்கள் குறைந்த விலையோடு வந்த கோரல்களைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்க நேர்ந்தது. கேட்ட விலை முகவரும் உரிமையாளரும் தாங்களே எழுதிக்கொள்ளும் எண். அதற்கு மேல் எவ்வளவு என்பது அட்டைக்கு அழகு. விற்பவருக்கு அது எந்தச் செய்தியையும் தருவதில்லை. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இலவசமாக உங்கள் வீட்டை மதிப்பிட்டுத் தருகிறோம் என்று வந்து, ஒப்பந்தத்தைப் பெறுவதற்காகவே உயர்ந்த விலை சொல்லி, இரண்டு மாதம் கழித்து விலையைக் குறைக்கச் சொல்வார்கள். மூன்று பேரை அழைத்து மதிப்பிடச் சொல்லி, அதிக விலை சொன்னவரையே அமர்த்துவது நம்மவர்களிடையே பரவலாக நடக்கிறது. எந்தெந்த விற்பனைகளை ஒப்பிட்டு அந்த விலைக்கு வந்தீர்கள் என்று கேட்பவர் குறைவு.

இன்னொரு வகைக் கடிதமும் வரும். உங்கள் தெருவில் வீடு வாங்க எங்களிடம் ஒரு குடும்பம் காத்திருக்கிறது, விற்பனைப் பலகை நாட்டாமலே முடித்துவிடலாம் என்று அதில் இருக்கும். சிலவேளை அந்தக் குடும்பம் உண்மையிலேயே இருக்கும்; சிலவேளை உரையாடலைத் தொடங்கச் சொல்லும் பேச்சாக மட்டும் இருக்கும். இருந்தாலும்கூட, அந்த முகவர் வாங்குபவரின் ஆளா விற்பவரின் ஆளா என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். ஒரே முகவர் இருவருக்கும் நிற்பதானால் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும் என்று ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டம் சொல்கிறது. சந்தைக்கே வராத வீட்டுக்கு வேறு எவரும் விலை கேட்க முடியாது. அதன் இழப்பு முழுவதும் விற்பவருக்கே.

ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. மரண அறிவித்தல்களைப் பார்த்து அந்த வீடுகளுக்குக் கடிதம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு மூதாட்டிக்கு அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில நாள்களுக்குள்ளேயே, பெரிய வீட்டைத் தனியே பராமரிப்பது சிரமமல்லவா என்று அக்கறையுடன் கேட்கும் கடிதம் வந்தது. அதை அவர் எங்களிடம் காட்டியபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அச்சம்தான் வந்திருந்தது. தாம் வெளியேற வேண்டும் என்று யாரோ முடிவு செய்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டார். உன் மகள் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இத்தகைய கடிதம் ஒன்றை அவள் ஒருநாளும் எழுதக்கூடாது.

விதிகள் இல்லாமல் இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின்படி, முகவர் எந்தச் சேவையையும் தொடங்கும் முன் முகவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஒழுங்குமுறைச் சபையின் தகவல் கையேட்டைக் கொடுத்து விளக்க வேண்டும். விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும்; பொய்யான உரிமைகோரல் கூடாது; விற்பனை ஒப்பந்த விவரங்களை அச்சிடச் சம்பந்தப்பட்டவர்களின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. வேறு நிறுவனத்துடன் ஒப்பந்தத்தில் இருப்பவர்களை இழுக்க முயலக் கூடாது என்பதால்தான் அத்தகையவர்களுக்கு இது உரியதன்று என்று அட்டையின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. தொலைபேசியில் அழைப்பதானால் 2008இல் தொடங்கிய அழைக்காதோர் பட்டியலைப் பார்க்க வேண்டும். மின்னஞ்சலுக்கு 2014 முதல் தனிச் சட்டம் உண்டு. விளம்பரம் வேண்டாம் என்று தபால் பெட்டியில் எழுதி ஒட்டினால் முகவரியில்லாத அட்டைகளைத் தபாற்காரர் போடமாட்டார். ஆனால் தெரிந்த முகம் என்பதற்காக ஒருவரிடம் யோசிக்காமல் ஒப்பமிட்டுக் கொடுப்பதை எந்த விதியாலும் தடுக்க முடியாது. ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்த சொத்தில் பெரும்பங்கு அந்த ஒரு வீட்டில் இருக்கிறது. நாட்காட்டியில் படம் பார்த்த பழக்கத்தில் அதை ஒப்படைப்பவர்கள் நம் வயதினருள் பலர். விடாமல் அட்டை அனுப்புபவர் விடாமுயற்சி உடையவர் என்பது மட்டும்தான் அட்டையால் நிரூபணமாகிறது.

இதையெல்லாம் எழுதியபின் உன் மகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தெரிந்தெடுத்த பகுதியை அவள் தன் கைரேகைபோல் அறிந்துகொள்ளட்டும். இங்கே 1960களின் நடுவிலிருந்து 1970களின் இறுதிவரை கட்டிய வீடுகள் பலவற்றில் அலுமினிய மின்கம்பிகள் இருக்கின்றன. காப்புறுதி நிறுவனங்கள் அதைப் பற்றிக் கேட்கும்போது விற்பனை தடுமாறும். நிலக்கீழ் அறையை வாடகைக்கு விட்டிருப்பவர்களுள் முறையான அனுமதி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது விலையை மாற்றும். 2023 முதல் ரொறன்ரோவின் குடியிருப்புக் காணிகளில் நான்கு அலகுகள் வரை கட்டலாம் என்று நகரசபை அனுமதித்திருக்கிறது. அகலமான காணி வைத்திருக்கும் முதியவருக்கு அதன் பொருள் தெரியாது. நகர எல்லையான ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே வாங்குபவர் மாகாணத்துக்கும் நகரத்துக்குமாக இரண்டு நில மாற்று வரி கட்டுகிறார்; வடக்கே மார்க்கம் நகரில் ஒன்றுதான். இவற்றில் ஒன்றை எளிய தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கி ஓர் அட்டை வந்தால் நான் அதை எடுத்து வைப்பேன். எங்கள் பகுதிக்குப் பல ஆண்டுகளாக வரும் ஒரு முகவர் அப்படித்தான் செய்கிறார். ஒவ்வொரு காலாண்டும் எங்கள் சுற்றுத் தெருக்களில் விற்ற வீடுகளையும், விற்காமல் திரும்பப் பெற்றவற்றையும் சேர்த்தே அச்சிடுகிறார். விற்காதவற்றையும் சொல்லும் அந்த நேர்மைக்காகவே அவரை நம்பத் தோன்றுகிறது.

பகுதியைத் தெரிந்தெடுப்பதற்கு முன் அவள் பார்க்க வேண்டியவை இரண்டு: ஆண்டுக்கு அங்கே எத்தனை வீடு கைமாறுகிறது என்பதும், அவற்றுள் எத்தனை ஏற்கெனவே ஒருவரே விற்கிறார் என்பதும். நம்மவர் மட்டுமே இருக்கும் தெருக்களைத் தேடிப் போக வேண்டாம் என்றும் சொல். அங்கே எத்தனையோ பேர் முந்திக்கொண்டுவிட்டார்கள், வாங்க வருபவர்களும் எல்லா இனத்தவர்களே. ஓர் ஆண்டு முழுவதும் பயன் ஒன்றும் தெரியாமல் போகலாம். அந்த ஆண்டுக்கான செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கட்டும். இடையில் நிறுத்தினால் போட்ட பணம் முழுவதும் வீண்.

முதல் அட்டையை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பச் சொல். தமிழ்ப் பகுதியை நான் திருத்தித் தருகிறேன். விலைகள் சரியா என்பதையும் பார்த்துச் சொல்கிறேன். எங்கள் தெருவில் தொடங்க விரும்பினால், எந்தெந்த வீட்டில் யார் யார் என்று அறிமுகம் செய்து வைக்க நான் கூடவே நடந்து வருவேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்