பேர் பதிந்து கொடுத்தவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டார மக்களுக்கு வணக்கம்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த நன்றி மடல். சோறு போட்டவர்களுக்கு நன்றி. அதைவிடப் பெரிய நன்றி, அவர்கள் பெயரை நம்மூர் ஏட்டில் ஏற்றியவர்களுக்கு. பசித்து வந்தவனுக்கு இந்த மண்ணில் யாரும் சோறு மறுப்பதில்லை. பேர் பதியும்போதுதான் கை தயங்குகிறது.

ரேஷன் கடை விற்பனையாளர்களே, முதல் நன்றி உங்களுக்கு. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபரில். வெளிமாநிலத்து முன்னுரிமை அட்டை உள்ளவருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் விலையில்லாமல் நம் கடையிலேயே உண்டு. தன் பங்கை இங்கே வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் பங்கை ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு விடலாம். சிக்கல் வருவது கைரேகையில். சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்த விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும், மிஷின் ஏற்காது. கையைக் கழுவி ஈரம் போகத் துடைக்கச் சொல்லி, பத்து விரலில் எது பதிகிறது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, அதற்கும் பதியாவிட்டால் கூட்டமில்லாத மதிய நேரத்தில் வரச் சொன்னீர்கள். அட்டையில் ஆதார் இணைக்காமல் இருந்தால் மட்டும் நம் கடையில் ஒன்றும் செய்ய இயலாது. அது சொந்த மாநிலத்தில் ஆகவேண்டிய வேலை. அதையும் எரிந்து விழாமல் எடுத்துச் சொன்னீர்கள். 14445 என்ற உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைத்த கடைக்கு இன்னொரு நன்றி.

தலைமையாசிரியைகளுக்கு: டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை, ஜூன் மாதம் தாண்டிவிட்டது. ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப இந்த மூன்று காரணங்களும் போதும் என்றுதான் பெற்றோரே நினைத்திருந்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி மூன்றில் ஒன்றும் செல்லாது. ஒன்பது வயதுப் பிள்ளையைத் தமிழ் தெரியாது என்பதற்காக ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காமல், வயதுக்குரிய நாலாம் வகுப்பிலேயே சேர்த்தீர்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் கூச்சத்தில் இரண்டே வாரத்தில் நின்றுவிடும். கணக்குக்கு மொழி தடையில்லை, அதில் தேறிவிட்டால் தமிழ் தானே வரும் என்று அங்கிருந்து தொடங்கியதும் சரியான வழி.

கிராம சுகாதாரச் செவிலியர்களே, உங்கள் வேலையின் நுணுக்கம் வெளியே பலருக்குத் தெரியாது. தடுப்பூசி அட்டை தொலைந்த குழந்தை என்றால் இடது தோளில் பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். 6, 10, 14 வாரங்களில் போடவேண்டியதில் ஒன்று தவறியிருந்தால், முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்வீர்கள். இங்கே பிறந்த குழந்தையின் பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும் என்று தாயிடம் நீங்கள் சொன்னது, ஊசியைப் போலவே அந்தப் பிள்ளையின் ஆயுளுக்கும் உதவும். பெயர் வைக்காவிட்டாலும் பதியலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம். தாயின் பெயரை மட்டும் ஆதாரில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுத வேண்டும். இந்தி உச்சரிப்பைக் கேட்டுத் தமிழில் எழுதி, அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ‘குமாரி’ கூட மூன்று விதமாகிவிடுகிறது.

பதிவை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன ஊர் இது. ரங்கூனிலும் பினாங்கிலும் போய் இறங்கியவருக்குக் கிட்டங்கி என்னும் பொது விடுதி இருந்தது. பெட்டி வைக்கவும் பாய் விரிக்கவும் இடம் கிடைத்தது. நம் வளவு வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாக் காட்டில் வளர்ந்தவை. கடலைத் தாண்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழர்களை உழைப்பாளியாக வரவேற்றார்கள், குடிமக்களாக எண்ணவில்லை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று எழுதிக்கொண்டார்கள். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்தபின் தொழிலும் கடையும் அரசுடைமையாகி, எத்தனையோ குடும்பங்கள் வெறுங்கையோடு கப்பலேறின. வந்தவனை ஏட்டில் ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்கு வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கோயில், தர்கா, தேவாலயம் மூன்றிலும் இதைப் பேசிய பெரியவர்களுக்குத் தனி நன்றி. நம் மாவட்டத்து இளையான்குடி மாறனார், கொட்டும் மழையில் வந்த அடியாருக்கு அன்று விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரிக்கொண்டு வந்தார். கூரைக் கழிகளை ஒடித்து அடுப்பெரித்தார். மிச்சத்தை எடுத்து அவர் கொடுக்கவில்லை, நாளைக்கென்று இருந்ததைக் கொடுத்தார். இஸ்லாமியர் கொடுக்கும் கட்டாயத் தானமான சகாத்துக்கு உரிய எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்று ஜும்ஆ உரையில் ஒருவர் சொன்னார். எகிப்தில் அந்நியராக இருந்தவர்களுக்குத்தான் அந்நியரை நேசிக்கும் கட்டளை தரப்பட்டது என்று தேவாலயத்தில் விளக்கினார்கள். ‘முதலில் நம் ஆளுக்குக் கொடு’ என்ற பேச்சுக்கு மூன்று இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது.

அந்தப் பேச்சிலும் ஒரு நியாயமான பயம் இருக்கிறது: கூலி குறைந்துபோகும் என்பது. அந்தப் பயத்தைப் போக்கியவர்கள், உள்ளூர் ஆளுக்குக் கொடுக்கும் கூலியையே வெளியூர் ஆளுக்கும் கொடுத்த மேஸ்திரிகளும் வீட்டுக்காரர்களும். ஒரே வேலைக்குக் குறைந்த கூலி கூடாது என்று 1979ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டமே சொன்னது. கூலியைத் தரகர் கையில் கொடுக்காமல் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் போட்டவர்கள் பாதிச் சண்டையை அங்கேயே முடித்துவிட்டார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவி அவர்கள் பயந்தபோது, தங்கியிருந்த தகரக் கொட்டகைக்கே போய் உட்கார்ந்து பேசியவர்களையும் மறக்கவில்லை.

பின்கட்டைக் குறைந்த வாடகைக்கு விட்ட ஆச்சிமாருக்கு ஒரு வேண்டுகோளும் சேர்த்து: வாடகைக்கு இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வங்கிக் கணக்குக்கும் சிலிண்டருக்கும் முகவரி கேட்கும்போது கையில் காட்ட ஏதாவது வேண்டும்.

தீபாவளி கழிந்த ஆறாம் நாள் சத் பூஜை. பீகார் குடும்பங்கள் பல அதற்கு ஊருக்குப் போகும். தடுப்பூசி அட்டையையும் பிறப்புச் சான்றையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். பள்ளிகளில் அந்தப் பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட வேண்டாம். திரும்பி வருவார்கள்.

நன்றியுடன்,
வெளியூர்த் தொழிலாளர்களோடு வேலை செய்யும் தன்னார்வலர்கள்,
காரைக்குடி வட்டாரம்