வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் ஐயா அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, மன்னார்குடியில் நம் நூலக வாசலில் உள்ள கரும்பலகையில் அன்றன்றைய பிறந்தநாள், நினைவுநாள் செய்திகளை எழுதி வருகிறோம். நூலகம் மூடியிருக்கும் வெள்ளிக்கிழமைகளிலும் எழுதினோம். ஐப்பசிச் சாரலில் எழுத்து கரைந்த சில நாட்கள் மட்டுமே விடுபட்டன. முதல் வரி காவிரிக்கரைக்காரர்களுக்கு என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை.

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். 1930இல் அதே தேதியில்தான் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். அன்றுதான் பட்டுக்கோட்டைப் பக்கம் செங்கப்படுத்தான்காட்டில், உழவர் வீட்டில், கவிஞர் கல்யாணசுந்தரம் பிறந்தார். தொண்டர்கள் நம் ஊர் வழியாகவே போனார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் மிரட்டியதால், மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். இதைக் கூட்டத்தில் வாசித்ததும், அந்தச் சாலையில் எங்கெங்கே பழைய புளியமரங்கள் நின்றன என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது. இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அதுவே.

ஏப்ரல் 26 சியாமா சாஸ்திரிகள் திருவாரூரில் பிறந்த நாள் (1762). கணிதமேதை ராமானுஜன் மறைந்த நாளும் (1920) அதுவே. ஆகஸ்ட் 7 அன்று கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் நூற்றாண்டு நிறைவும் திருக்குவளையில் பிறந்த கலைஞர் மு. கருணாநிதியின் நினைவுநாளும் சேர்ந்து வந்ததால், பக்கத்துப் பள்ளியில் இன்னொரு பலகை இரவல் வாங்கினோம். பிப்ரவரி 19, உ.வே.சா. பிறந்தநாள் கூட்டம் வழக்கம்போல் நடந்தது.

ஒரு பிழையைப் பதிவுசெய்ய வேண்டும். டிசம்பர் 22 அன்று, ராமானுஜன் கும்பகோணத்தில் பிறந்தார் என்று எழுதிவிட்டோம். பள்ளிக்குப் போகும் வழியில் நின்று படித்த எட்டாம் வகுப்பு மாணவி உள்ளே வந்து, “ஐயா, அவர் பிறந்தது ஈரோடு, வளர்ந்ததுதான் கும்பகோணம்” என்றாள். சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்துத் திருத்தச் சொன்னோம். அதுமுதல் இரண்டு பேர் சரிபார்க்காமல் எதையும் எழுதுவதில்லை.

டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட நாள். மறுநாள், 2004இல் நாகையைச் சுனாமி தாக்கிய நாள். இரு நாட்களும் வண்ணச் சாக்பீஸ் இல்லை, கூட்டம் இல்லை, மேடை இல்லை. செயற்குழுவின் இந்த முடிவை முழுமனதோடு ஏற்கிறேன். இனியும் இப்படியே இருக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

2026 அக்டோபர் 11, மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 200ஆவது பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்திருக்கிறது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து, தமிழின் முதல் நாவலை 1879இல் தந்தவருக்கு முழுநாள் விழா எடுக்க விரும்புகிறோம். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ பழைய பதிப்பு எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால், செப்டம்பருக்குள் என்னிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்