ரெக்கார்டு நோட்டில் மட்டும் எரியும் சுடர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தியின் வேதியியல் ரெக்கார்டு நோட்டைப் போன வாரம் புரட்டினேன். சுடர்ச் சோதனை (உப்பைச் சுடரில் காட்டி, எழும் நிறத்தால் தனிமத்தை அறிவது) பக்கத்தில் கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு, பேரியத்துக்கு ஆப்பிள் பச்சை என்று மணிமணியாக எழுதியிருந்தாள். "நீ பார்த்தியாம்மா?" என்றேன். "இல்ல தாத்தா, போன வருஷத்து அக்கா நோட்டைப் பார்த்துத்தான் எல்லாரும் எழுதினோம். பரீட்சைக்கு முந்தின வாரம்தான் லேப் திறப்பாங்க" என்றாள். 31 வருஷம் வேதியியல் நடத்தியவன் நான். மனசு கேட்கவில்லை.

கீழமாசி வீதிப் பக்கம் போய் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கி வந்தேன். பின்வாசலில் சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, நிக்ரோம் கம்பியை அவள் கையில் கொடுத்து, வெறும் கம்பியையே நீட்டச் சொன்னேன். சுடர் பளிச்சென்று மஞ்சளானது. "ஒண்ணுமே வைக்கலையே தாத்தா!" என்று திகைத்தாள். அவள் விரல் வியர்வையில் இருந்த உப்புதான் அது. சோடியம் துளி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பார் பொங்கி வழிந்தால் நீலச் சுடர் மஞ்சளாவதும் இதனால்தான். அப்புறம் கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்ப்பதும் சூடாக்குவதுமாக, நிறம் அறவே போகும்வரை சுத்தம் செய்துவிட்டு மயில்துத்தத்தைத் தொட்டாள். பச்சை, ஓரத்தில் நீலம். "ஏன் தாத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர்?" என்று கேட்டாள்.

அணு அமைப்புப் பாடம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சூட்டில் அணுவின் எலக்ட்ரான் மேல் ஆற்றல் மட்டத்துக்கு ஏறுகிறது. இறங்கும்போது இரு மட்டங்களுக்கும் இடையே உள்ள ஆற்றல் வித்தியாசம் ஒளியாக வெளிவருகிறது. அந்த வித்தியாசம் தனிமத்துக்குத் தனிமம் மாறுவதால் நிறமும் மாறுகிறது. 1913-ல் நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி ஹைட்ரஜனை வைத்துச் சொன்னதன் சாரம் இதுதான். நம் பிள்ளைகளோ ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடு ஒன்றைக்கூடக் கண்ணால் காணாமல், எலக்ட்ரானை விவரிக்கும் ஸ்ரோடிங்கர் சமன்பாட்டை மனப்பாடம் செய்கிறார்கள். பழைய சிடி ஒன்றை எடுத்து, சி.எஃப்.எல். பல்பின் வெளிச்சத்தை மெல்லிய பிளவு வழியாக அதில் விழவைத்தால் போதும், வானவில் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து தெரியும்.

இந்தக் கோடுகளை வைத்துத்தான் ஜெர்மன் விஞ்ஞானிகள் பன்சனும் கிர்க்காஃபும் 1860-ல் சீசியம் என்ற தனிமத்தையும், அடுத்த வருஷம் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை, அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் இருந்து வேறு விஞ்ஞானிகள் இதே முறையில் ஆராய்ந்தார்கள். சூரிய ஒளியில் சோடியத்தோடு பொருந்தாத மஞ்சள் கோடு ஒன்று ஹீலியத்தின் அடையாளம் என்று பிறகு தெரிந்தது. இவ்வளவு ஏன், பக்கத்துச் சிவகாசி மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்சியத்தின் வேலை. தீபாவளிக்குத் தீபாவளி பார்த்த நிறத்தை வகுப்பில் யாரும் பாடத்தோடு சேர்த்துச் சொல்வதில்லை.

கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அணு அமைப்புப் பாடம் நடக்கும் வாரத்திலேயே, ஒவ்வொரு மாணவரும் ஒரு தடவையாவது கம்பியைத் தன் கையால் சுடரில் காட்ட வழி செய்யுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வீடியோக்களில் காட்டுவதுபோல் தட்டில் மெத்தனால் ஊற்றி எரிப்பது மட்டும் கூடவே கூடாது, அதனால் பிள்ளைகள் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். செய்துகாட்ட ஆளில்லை என்று மதுரை மாவட்டத்தில் எந்தப் பள்ளி சொன்னாலும் என் கம்பியோடு நானே வருகிறேன். பஸ் செலவும் வேண்டாம்.

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
சிம்மக்கல், மதுரை.