ஆடி முடித்தால் குப்பைக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பலகை விளையாட்டுகளில் 'லெகஸி' என்றொரு வகை உண்டு. ஆட ஆடப் பலகையே மாறும். ஸ்டிக்கர் ஒட்டுவோம், பேனாவால் எழுதுவோம், சில சீட்டுகளைக் கிழித்துப் போடச் சொல்வார்கள். 2011-ல் ராப் டாவியோவின் 'ரிஸ்க் லெகஸி' இதைத் தொடங்கி வைத்தது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கி, கதை ஒரு முறை முடிந்ததும் குப்பையில் போடுவதா என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பதில் கிடையாது.

நோய் பரவலைத் தடுக்கும் ஆட்டமான 'பாண்டமிக் லெகஸி' முதல் பருவம் (2015) உண்மையிலேயே தீர்ந்துபோகும் வகை. கதை ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஒரு மாதத்தில் தோற்றால் அதே மாதத்தை இன்னொரு தடவை ஆடலாம். அதிலும் தோற்றால் அடுத்த மாதத்துக்குப் போயாக வேண்டும். ஆக, குறைந்தது 12 ஆட்டம், அதிகபட்சம் 24. ஜெயித்தால் அடுத்த ஆட்டத்துக்கு உதவிச் சீட்டுகள் இரண்டு குறையும், தோற்றால் இரண்டு கூடும். அடுத்த சீட்டில் என்ன இருக்கிறது என்ற ரகசியம்தான் இதன் உயிர். டிசம்பர் முடிந்தால் ரகசியமும் முடிந்தது.

குடும்பத்துக்கு என்று கேட்டால் நான் கைகாட்டுவது ரைனர் க்னிட்சியாவின் 'மை சிட்டி' (2020). இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். ஆளுக்கொரு பலகை, 24 கட்டடத் துண்டுகள். சீட்டைத் திருப்பியதும் அதில் உள்ள கட்டடத்தை எல்லோரும் அவரவர் பலகையில் வைக்க வேண்டும். முதல் கட்டடம் ஆற்றை ஒட்டி, அடுத்தடுத்தவை முன்பு வைத்ததைத் தொட்டபடி. மூடாமல் விட்ட மரத்துக்கு ஒரு புள்ளி. காலியாக விட்ட கட்டத்துக்கு ஒரு புள்ளி போச்சு. புது விதிகளும் ஸ்டிக்கர்களும் அடங்கிய, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டிய எட்டு உறைகள், உறைக்கு மூன்று ஆட்டம், மொத்தம் 24 ஆட்டம். தொடக்க ஆட்டங்களில் தோற்றவர் பலகைக்கு மரம் கிடைக்கும், ஜெயித்தவர் பலகையில் கல் விழும். அதனால் வீட்டின் சின்னப் பிள்ளை ஒரேயடியாகப் பின்தங்காது. 24 ஆட்டமும் முடிந்த பிறகு பலகையைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் ஸ்டிக்கரே தேவைப்படாத, எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடக்கூடிய ஆட்டம். பெட்டி வீணாகாது.

ஏழு வயதுக் குழந்தைகளுக்கு 'ஸோம்பி கிட்ஸ் எவல்யூஷன்' போதும். ஓர் ஆட்டம் கால் மணி நேரத்துக்குள் முடியும். தோற்றாலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு. 13 உறைகளையும் திறந்த பிறகும் தொடர்ந்து ஆடலாம்.

இந்த ஆட்டங்கள் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஆட்கள்தான். பாண்டமிக்கில் எல்லோரும் ஒரே அணி என்பதால் ஒருவர் வராவிட்டாலும் சமாளிக்கலாம். மை சிட்டியில் ஒவ்வொரு பலகைக்கும் தனி வரலாறு. மூன்றாம் உறையில் ஒருவர் விலகினால் அவர் பலகை அங்கேயே நின்றுவிடும். ஊருக்குப் போகிற விடுமுறையில் தொடங்காமல், எல்லோரும் வீட்டில் இருக்கும் மாதமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது.

இன்னும் சில கைப்பக்குவம். கிழிக்கச் சொன்ன சீட்டை ஒரு கவரில் போட்டுப் பெட்டியின் அடியில் வைத்தாலும் விதி கெடாது. கிழிப்பதில் ஒரு குஷி இருக்கிறது என்பது வேறு விஷயம். ஸ்டிக்கர் ஒட்டுமுன் விதியை ஒருவர் சத்தமாக இரண்டு தடவை வாசிக்கட்டும். தவறிய இடத்தில் ஒட்டி உடனே பிய்த்தால் பலகையின் மேல்தாளும் சேர்ந்து வரும். ஈரக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் ஸ்டிக்கரின் ஓரம் எழும்பும். ஒட்டியதும் நகத்தால் விளிம்பை அழுத்தித் தேய்த்து, கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வையுங்கள். பாண்டமிக்கின் லெகஸி சீட்டுக்கட்டை மட்டும் கலைத்துவிடக் கூடாது. கதை அந்த வரிசையில்தான் இருக்கிறது. வீட்டில் சீட்டைக் கண்டதும் கலைக்கிற கை ஒன்று கட்டாயம் இருக்கும், எச்சரித்து வையுங்கள்.

பழைய பெட்டியை வாங்குவோர் பிரிக்காத உறைகளின் எண்ணிக்கையையும் ஸ்டிக்கர் தாள் முழுசாக இருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே பணம் கொடுக்கவும். மை சிட்டி என்றால் எல்லா உறையும் பிரிந்திருந்தாலும் பரவாயில்லை, நான்கு பலகைகளும் துண்டுகளும் சீட்டுகளும் சரியாக இருந்தால் மறுபக்கத்துக்கு அது போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்