மூடி மேல் தணல்

தோவாளை,
ஆடி மாதம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மைனிக்கு முட்டுவலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். ஆடி பிறந்துவிட்டதால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளுகிறது. முப்பந்தல் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், கொடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குத் திண்டாட்டம். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் பூச்சந்தையும் மந்தம்தான். ஓணம் நெருங்கட்டும், அப்புறம் பிச்சிப்பூ விலையைத் தொட முடியாது.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன அந்த ‘டச்சு அவன்’ (Dutch oven), அதான் மேலும் கீழும் கரி போட்டுச் சமைக்கிற மூன்று கால் வார்ப்பிரும்புச் சட்டி, துருப்பிடித்துக் கிடக்கிறதா என்று கேட்டிருந்தாய். அது கிடக்கவில்லை, அடிக்கடி நெருப்பில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஹூஸ்டனில் நீ பழகிய முறை இங்கே அப்படியே செல்லுபடியாகாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் டெக்சாஸ் 2005இல் இதை மாநிலத்தின் சமையல் பாத்திரமாகவே அறிவித்ததாமே! யூட்டாக்காரர்கள் 1997லேயே முந்திக்கொண்டார்கள், அதை நீ எழுதவில்லை பார்த்தியா. பெயரில்தான் டச்சு. மணல் அச்சில் இரும்புச் சட்டி வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை வாங்கிய ஆபிரகாம் டார்பி இங்கிலாந்துக்காரர்.

மூடியின் விளிம்பு மேலே தூக்கி நிற்கிறதே, சட்டியின் சூட்சுமம் எல்லாம் அதில்தான். மேலே போட்ட கரி உருண்டு விழாது. இதை நீ பெரிய அமெரிக்க அதிசயம்போல எழுதியிருந்தாய். ஏன்டே, தக்கலையில் கல்யாண வீட்டுக்குப் போனபோது நாம் என்னத்தைப் பார்த்தோம்? பிரியாணி அண்டாவின் வாயை மாவு வைத்து ஒட்டி, தட்டு மேல் தணலை அள்ளிப் போட்டுத் தம் போட்டார்களே, அதே வேலைதான். பிரியாணிக்கு மேல்தணல் ஒத்தாசை. கேக்குக்கும் ரொட்டிக்கும் அதுதான் முதலாளி. அடியில் இருக்கும் கரி நேராக இரும்பைச் சுடும், இரும்பு நேராக மாவைச் சுடும். அதனால் அடி சீக்கிரம் கருகிவிடும். மேலிருந்து இறங்குவது மூடி வீசும் அனல். அது மாவைத் தொடாமலே நிதானமாக வேகவைத்துச் சிவக்க வைக்கும். அதனால்தான் அடியில் ஒரு பங்கு, மேலே இரண்டு பங்கு.

நீ எழுதிய கணக்கு, 12 அங்குலச் சட்டிக்கு 24 கரித்துண்டு, கீழே 8, மேலே 16, உள்ளே ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ், அங்கே சரி. அச்சில் அழுத்திச் செய்த கரிக்கட்டிகள் எல்லாம் ஒரே அளவு. இங்கே எனக்குக் கிடைப்பது தேங்காய்ச் சிரட்டைக் கரி. ஒன்று உள்ளங்கை அகலம் இருக்கும், அடுத்தது விரல் நகம் அளவுதான். இதை எப்படி எண்ணுவது? நன்றாகக் காய்ந்த சிரட்டையைச் சுட்ட கரி, புகை குறைவு, சூடு கடுமை, ஆனால் சீக்கிரம் சாம்பலாகிவிடும். ஆகவே நான் எண்ணுவதை விட்டு ஒரு பழைய பால்பவுடர் டப்பாவால் அளக்கிறேன். ஒரு டப்பா கீழே, இரண்டு டப்பா மேலே. பக்கத்தில் தனியாகக் கொஞ்சம் கரி கனன்றுகொண்டே இருக்கும், தணிகிறபோது அதிலிருந்து எடுத்துப் போடுவேன். மாவை வைப்பதற்கு முன் சட்டிக்குள் ஒரு சிட்டிகை மைதாவைத் தூவி மூடிப் பார்ப்பேன். சட்டென்று கறுத்தால் கரியைக் குறைக்க வேண்டும். மெல்லப் பொன்னிறமானால் மாவை இறக்கலாம்.

அடுப்பு என்னவென்று கேட்டாயே. மார்த்தாண்டம் போகிற வழியெல்லாம் இப்போது கரியில் கோழி சுடுகிற அல்ஃபாம் கடைகள்தான். அவர்கள் வைத்திருப்பதுபோல டிரம்மைப் பாதியாக வெட்டிக் கால் வைத்து ஒரு பட்டறையில் செய்துகொண்டேன். உன் சட்டிக்கு மூன்று கால் இருப்பதால் கிரில் கம்பி மேல் வைத்தால் கால் இடுக்கில் இறங்கி ஒரு பக்கம் சாயும். அதனால் கம்பியைக் கழற்றிவிட்டு, டிரம்முக்குள் ஒரு இரும்புத் தகடு போட்டு, அதில் தணலைப் பரப்பி, அதன் மேல் நிறுத்துகிறேன். டிரம்மின் சுவர் காற்றையும் கொஞ்சம் தடுக்கும்.

கொஞ்சம்தான் தடுக்கும். இந்தக் காற்றில் மேற்குப் பக்கக் கரி ஊதுலையில் வைத்ததுபோல வெள்ளையாகக் கனலும், கிழக்குப் பக்கம் சோம்பிக் கிடக்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சட்டியை ஒரு பக்கமும் மூடியை எதிர்ப்பக்கமும் கால் சுற்று திருப்பச் சொன்னாய். ஆடியில் அது போதாது, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். போன ஞாயிறு மட்டிப்பழக் கேக் வைத்தேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மட்டிதான், நல்லாப் பழுத்தது. மூடியைத் தூக்கியதும் பழமும் வெல்லமும் கலந்து கருகும் நிலைக்கு ஒரு நூல் முன்னால் நின்ற வாசனை. மேல்பரப்பு முழுக்க ஒரே மாதிரிச் சிவப்பு, ஓரத்தில் மட்டும் வெல்லம் பொங்கி இரும்போடு ஒட்டிக் கறுத்த வளையம். பிள்ளைகள் அந்த வளையத்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.

எங்க வீட்டுக்காரி குழித்துறைப் பக்கம்காரி, அவளுக்குக் கேக்கில் அக்கறை இல்லை. அவள் செய்வது மாட்டிறைச்சி. உள்ளி, இஞ்சி, மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நெத்துத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறியது, கறிவேப்பிலை எல்லாம் பிரட்டி, கை நனைக்கிற அளவு தண்ணீர் தெளித்து மூடிவிடுவாள். இதற்குக் கீழ்த்தணல் கூடுதல், மேலே பேருக்கு. அந்தக் கனத்த மூடி ஆவியை வெளியே விடாது, இறைச்சி தன் நீரிலேயே இரண்டு மணி நேரம் வேகும். மரச்சீனியை, அதான் மரவள்ளிக்கிழங்கை, தனியாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடைசியில் சேர்த்து உடைப்பாள். குக்கரில் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று இனி யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

மீன்குழம்பு மட்டும் அதில் வைக்க விடமாட்டேன், நீ எத்தனை தடவை எழுதினாலும் சரி. புளி இரும்பின் மேல் படிந்த எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும், குழம்பும் கறுத்து இரும்பு ருசி அடிக்கும். அயலைக்கு மண்சட்டிதான்.

அந்தப் பூச்சைப் பற்றியும் ஒரு சொல். இங்கே எல்லோரும் தேங்காய் எண்ணெயைத்தான் கையில் எடுப்பார்கள். சூட்டில் எண்ணெய் இறுகிப் படலமாகப் பிடிக்க வேண்டுமானால், அது எவ்வளவு எளிதில் இறுகும் என்று காட்டுகிற அயோடின் மதிப்பு என்ற எண் கூடுதலாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10ஐ ஒட்டித்தான், நல்லெண்ணெய்க்கு 100க்கு மேல், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். ஆளிவிதை சில நேரம் செதில் செதிலாக உரியும் என்பதால் நான் நல்லெண்ணெயோடு நின்றுவிட்டேன். கழுவியதும் அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, துணியால் எண்ணெய் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழை, காற்றில் எப்போதும் ஈரம். ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மண் நிறம். சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும் என்று பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

மழை வந்தால் டிரம்மை வீட்டுக்குள் இழுக்க ஆசை வரும். கூடாது. கரிப்புகையின் நச்சு கண்ணுக்கும் தெரியாது, மணக்கவும் செய்யாது, மூடின அறையில் ஆளைக் கொன்றுவிடும். மழை என்றால் அன்றைக்குக் கேஸ் அடுப்பும் தோசையும்தான்.

டிசம்பரில் வரும்போது மூடி தூக்குகிற அந்த மூன்று முனைக் கொக்கி ஒன்று கொண்டு வா. பட்டறையில் வளைத்துத் தந்த கம்பியில் மூடி ஆடுகிறது, சாம்பல் கறிக்குள் விழுகிறது. நீளமான தோல் கையுறையும் ஒரு ஜோடி. இரண்டாவது சட்டி வேண்டவே வேண்டாம், அந்த ஒன்பது கிலோவுக்கு மைனி வேறு ஏதாவது வைக்கட்டும். வரும் தேதி முடிவானதும் எழுது, திருவனந்தபுரத்துக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன்.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி